செவிலியர் பணியும் தன்மதிப்பும்



செங்கற்பட்டிலும் திருப்போரூரிலும் மாமல்லபுரத்தை ஒட்டிய சிற்றூர்களிலும் நம் குடும்பத்துப் பெண்கள் பலர் இன்று செவிலியர் சீருடை அணிகின்றனர். கழனி வேலைக்கும் கல்லுடைக்கவும் சென்ற தாய்மாரின் மக்கள் இவர்கள். சென்ற ஆண்டு அத்தாய்மாருள் ஒருவர் என்னிடம் வந்தார். "ஐயா, பெரிய டாக்டர் எல்லார் முன்னாலயும் கேஸ் ஷீட்டைத் தூக்கி எறிஞ்சாராம். பொண்ணு இனிமே வேலைக்குப் போகமாட்டேன்னு அழுவுது. கூட்டிக்கினு வந்துடட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். அவ்வாறு சொன்னதன் காரணத்தையே இங்கு விரித்துரைக்க விழைகிறேன்.

மருத்துவரின் கடுஞ்சொல் செவிலியரின் மனத்தை மட்டும் புண்படுத்துவதன்று. படுக்கையில் கிடக்கும் நோயாளியையும் அது தாக்குகிறது. இஸ்ரேல் நாட்டில் குறைமாதக் குழந்தைகளைப் பேணும் 24 மருத்துவக் குழுக்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தி, 2015இல் வெளியிட்டனர். குழந்தையின் நிலை திடீரென மோசமாவதாகப் பாவித்து, என்ன செய்வார்கள் என்று பார்த்தனர். சில குழுக்களிடம் மட்டும், வெளியிலிருந்து வந்த நிபுணர் ஒருவர் அவர்களது நாட்டு மருத்துவத்தைத் தாழ்த்திப் பேசினார். வசைமொழி ஏதுமில்லை, சிறு ஏளனந்தான். அதற்கே அக்குழுக்கள் நோயை அறிவதிலும் சிகிச்சையிலும் பின்தங்கிவிட்டன! நம் மருத்துவமனைகளில் கேட்கும் சொற்களோடு ஒப்பிட்டால் அந்த ஏளனம் எம்மாத்திரம்?

ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். இன்சுலின் 4 யூனிட் என்று எழுத வேண்டிய இடத்தில், 4 என்ற எண்ணின் அருகே ஆங்கில 'யூ' எழுத்தை மட்டும் இட்டால், அவசரக் கையெழுத்தில் அது சுழியம்போல் தோன்றி 40 ஆகிவிடக்கூடும். ஐயம் எழுந்த செவிலி மருத்துவரை மீண்டும் கேட்க வேண்டும். முந்தின நாள் வசைபட்டவள் கேட்பாளா? தயங்குவாள். அத்தயக்கத்திற்கு விலை கொடுப்பவர் நோயாளி.

ஆதலின் என் பெண்மக்களுக்குச் சொல்வேன்: ஐயம் தோன்றினால் எத்துணைச் சினத்தையும் பொருட்படுத்தாது கேளுங்கள். தொலைபேசியில் மருந்து சொன்னால் திரும்பச் சொல்லிக் காட்டி, நேரத்தோடு எழுதி, பின்னர் மருத்துவரின் கையொப்பம் பெறுங்கள். அவர் கத்தினால் எதிர்த்துக் கத்த வேண்டா. "டாக்டர், நோயாளிக்குச் செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள், செய்கிறேன். என்னிடம் இவ்வாறு பேசாதீர்கள்" என்று தாழ்ந்த குரலில் சொன்னாற் போதும். இரவும் பகலும் கண்விழித்த மருத்துவருக்குச் சோர்வு உண்டு என்பதை நானும் அறிவேன். சோர்வு காரணமாகலாம்; உரிமையாகாது. எனினும், நாம் செய்த பிழையைக் கண்டிப்புடன் சுட்டுவதையெல்லாம் இழிவென்று கொள்வதும் தகாது. திருத்தத்தை ஏற்றுக்கொண்டு, வசையை மட்டும் மறுக்கத் தெரிய வேண்டும். இஃது எளிதன்று, பழகவேண்டிய கலை.

1854 நவம்பரில் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 38 பெண்களுடன் ஸ்குடாரி படை மருத்துவமனையை அடைந்தபோது, மருத்துவர்கள் முகம் கொடுக்கவில்லை. அழைப்பின்றி எந்தச் செவிலியும் நோயாளியிடம் செல்லலாகாது என்று அவ்வம்மையார் ஆணையிட்டுக் காத்திருந்தார். காயம்பட்டோர் திரள் திரளாக வந்து சேர்ந்ததும் மருத்துவர்களே அழைத்தனர். கண்ட குறைகளையெல்லாம் எழுதி இலண்டனுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார். அவருடைய கருவி எழுதுகோல்.

நம் பெண்களும் எழுத வேண்டும். தேதி, நேரம், வார்டு, சொல்லப்பட்ட சொற்கள், உடனிருந்தோர் இவற்றை அன்றிரவே குறித்துக்கொள்க. முதலில் செவிலியர் கண்காணிப்பாளரிடமும், அங்குத் தீராவிடில் மருத்துவக் கண்காணிப்பாளரிடமும் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்குக. இருவர் மூவர் சேர்ந்து கையொப்பமிட்டால் மனுவுக்கு வலுவுண்டு. 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கழக ஒழுக்கநெறி விதிகள், செவிலியத்தை ஒரு தொழிலாக மதித்து அதன் ஒத்துழைப்பை மருத்துவர் நாட வேண்டும் என்கின்றன. மனுவில் அதனைச் சுட்டலாம். தனியார் மருத்துவமனையில் பணிபுரிவோர் மூலச் சான்றிதழ்களை நிர்வாகத்திடம் விட்டுவைக்கலாகாது. இதனை வற்புறுத்திச் சொல்கிறேன்.

சாதியைச் சுட்டி இழிவு செய்தால், அது கடுஞ்சொல் என்ற நிலையைக் கடந்துவிட்டது, குற்றமாகிறது. பட்டியல் சாதியினர் அல்லாத ஒருவர், பிறர் காண, நம்மவரைச் சாதிப்பெயர் சொல்லித் திட்டுவதும், தாழ்வுபடுத்தும் எண்ணத்தோடு இழிவுபடுத்துவதும் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி தண்டனைக்குரியவை. 'பிறர் காண' என்பதை மறக்கலாகாது. நான்கு சுவருக்குள் பிறர் எவரும் இல்லாதபோது சொன்னது இப்பிரிவில் வாராது என்று 2020இல் உச்சநீதிமன்றம் கூறியுள்ளது. உடனிருந்தோர் யாவர் என்பதைக் குறிக்கச் சொன்னது இதற்காகவுந்தான். வழக்கை விசாரிப்பவர் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத காவல் அதிகாரியாக இருத்தல் வேண்டும். பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்கறிஞர் உதவி இலவசம்.

பாலியல் தொல்லையாயின் 2013ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. பத்துப் பேர் பணிபுரியும் இடத்தில் உள்ளகக் குழு இருந்தே ஆக வேண்டும். மூன்று மாதத்திற்குள் எழுத்தில் புகார் தருக.

பெற்றோர்களே, மகள் அழுதுகொண்டு வந்தால் "நம்ம தலையெழுத்து" என்று சொல்லாதீர்கள்; பெட்டியைக் கட்டி அழைத்தும் வராதீர்கள். கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் நம் குறைகளை எழுதவே ஓர் இதழ் தொடங்கினார். அவர் பிறந்த மாவட்டத்தில் ஒரு மனு எழுத நாம் அஞ்சலாமா?

அத்தாயின் மகள் மனுக் கொடுத்தாள். இன்னும் அதே வார்டில்தான் பணிபுரிகிறாள். மனு எழுத உதவி வேண்டுவோர் ஞாயிறு மாலைகளில் சங்கக் கட்டடத்திற்கு வரலாம்; நான் அங்கு இருப்பேன்.