மாசிப் பௌர்ணமியில் மணலில் ஒரு ராத்திரி

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன் செய்து, "ரோடு போடுறதுல என்னென்ன புதுசா வந்திருக்கு, பசங்களுக்கு உபயோகமா பேசுப்பா" என்றார். சரி என்றுதான் சொன்னேன். எழுத உட்கார்ந்தபோது வேறு விஷயம் வந்து முன்னால் நின்றது. அதையே பேசிவிடுகிறேன், மன்னிக்கணும்.

நான் சாலை வடிவமைப்புப் பொறியாளன். இரண்டு ஊருக்கு நடுவே இருக்கிற நேரத்தைக் குறைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். நாவலூரில் அடுக்குமாடிக் குடியிருப்பு. என் அப்பா அம்மா இருந்தது செங்கல்பட்டுக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் நடுவே ஒரு கிராமம். சுமார் 40 கிலோமீட்டர், நல்ல ரோடு. ஒரு மணி நேரம் போதும். ஆனால் வாரா வாரம் போனில் நான் சொன்னது ஒரே பதில்தான்: "அடுத்த ஞாயிறு வந்துடறோம்மா."

2022 கார்த்திகையில் அம்மா தவறிவிட்டார்கள். காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்போது என் சின்ன மகளுக்கு இரண்டு வயது. அம்மா அவளை நேரில் பார்த்தது ஆறே தடவை. இஞ்சினியர் புத்தி பாருங்கள், இதைக்கூட எண்ணித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

2024 பிப்ரவரியில் அப்பாவே போன் செய்தார். "மாசிப் பௌர்ணமி வருது. மாமல்லபுரம் கடற்கரைக்குப் போகணும். பேத்திங்களையும் கூட்டிக்கிட்டு வா" என்றார். நம் வயலில் எலி பிடிக்க வரும் இருளர் பெரியவர் வருஷா வருஷம் கூப்பிடுவாராம். அம்மாவுக்கும் போக ஆசை இருந்ததாம். நான் உடனே, "ரிசார்ட்டுல ரூம் போடட்டுமாப்பா?" என்றேன். "எதுக்கு? ரெண்டு தார்ப்பாயும் பாயும் எடுத்துக்க. அவங்கல்லாம் மணல்லதான் படுப்பாங்க" என்றார்.

பிப்ரவரி 23, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊரிலிருந்து கிளம்பினோம். வண்டியில் நானும் மனைவியும், அப்பா, இரண்டு பிள்ளைகள், மண்ணெண்ணெய் ஸ்டவ், ஒரு குடம் தண்ணீர். திருக்கழுக்குன்றம் மலையைத் தாண்டும்போது, ஒரு காலத்தில் உச்சிவேளைக்குக் கழுகுகள் சாப்பிட வந்த கதையை அப்பா பேத்திகளுக்குச் சொன்னார். "இப்ப ஏன் தாத்தா வரல?" என்று பெரியவள் கேட்டாள். அப்பா பதில் சொல்லவில்லை.

கடற்கரைக் கோயிலுக்குப் பக்கத்து மணலைப் போய்ப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். நாலு கழி நட்டு, மேலே பழைய புடவை போர்த்திய கூடாரங்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் என்று வடதமிழ்நாட்டுப் பக்கமிருந்து இருளர் குடும்பங்கள் பஸ்ஸிலும் வேனிலும் வந்து இறங்கியிருந்தன. அவர்கள் தெய்வம் கன்னியம்மா. கோபித்துக்கொண்டு கடலுக்குப் போய்விட்ட அவளைச் சமாதானம் பண்ணித் திரும்ப வீட்டுக்குக் கூப்பிடத்தான் மாசிப் பௌர்ணமிக்கு வருகிறார்கள். வந்த இடத்திலேயே பெண் பார்ப்பது, கல்யாணம், மொட்டை, காதுகுத்து, பெயர் வைப்பது எல்லாம் நடந்துவிடும்.

எங்கள் பெரியவரைக் கண்டுபிடித்தோம். அவர் அப்பா பாம்பு பிடித்துத் தோல் விற்றவர். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பிழைப்பு போயிற்று. 1978இல் வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நாலின் விஷத்தை எடுத்து மருந்துக்குக் கொடுத்துவிட்டு, பாம்பைத் திரும்பக் காட்டிலேயே விடுகிற சங்கம். அதைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. எங்கள் பெரியவருக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. வயல் எலியோடு நின்றுவிட்டார்.

ஒன்று எனக்கு உறுத்தியது. அவர் அப்பாவைவிட மூத்தவர். ஆனால் அவர் அப்பாவை "ஐயா" என்கிறார், அப்பா அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். நாற்பது வருஷப் பழக்கம். என் பெரிய மகள் அவரை "தாத்தா" என்றாள். அவர் ஒரு நிமிஷம் அப்பாவைப் பார்த்தார். அப்பா, "ஆமா, தாத்தாதான்" என்றார்.

பெரியவருக்கு இரண்டு பையன்கள். ஒருவன் அரிசி ஆலையில் வேலை, குடும்பத்தோடு வந்துவிட்டான். இன்னொருவன் திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளையில். அட்வான்ஸ் வாங்கியிருக்கிறான், லேசில் விடமாட்டார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். சட்டம் இருக்கிறது, அட்வான்ஸும் இருக்கிறது. அந்தப் பையனும் அவன் பிள்ளைகளும் இன்னும் வந்து சேரவில்லை.

"சேதி சொல்லி அனுப்பினீங்களா?" என்று கேட்டேன்.

"சேதி என்னாத்துக்கு? பௌர்ணமின்னா வந்துரணும்ல? அவனுக்குத் தெரியாதா?" என்றார்.

பெரியவரின் மனைவி சோறும் கருவாட்டுக் குழம்பும் ஆக்கி எல்லோருக்கும் போட்டார். ஒரு குண்டானில் கொஞ்சம் எடுத்து மூடித் தனியாக வைத்தார். பதினொரு மணி ஆயிற்று. பன்னிரண்டும் ஆயிற்று. பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். நிலா உச்சிக்கு வந்து மணலெல்லாம் பகல் மாதிரி வெளிச்சம். அந்த அம்மா மட்டும் ரோட்டுப் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "நீங்க சாப்பிடுங்களேம்மா" என்றாள் என் மனைவி. "புள்ளைங்க வந்துரட்டும்" என்றார்.

அப்போதுதான் அப்பா, என்னைப் பார்க்காமல், கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "உங்கம்மாவும் இப்படித்தான். சனிக்கிழமையானா இட்லிக்கு அரைப்படி அரிசி கூடவே ஊறப்போடுவா. ஞாயித்துக்கிழமை நீங்க வருவீங்கன்னு. வரமாட்டீங்க. செவ்வாக்கிழமை வரைக்கும் அந்தப் புளிச்ச மாவையே நாங்க ரெண்டு பேரும் தின்போம். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருந்தா."

எனக்கு ஒன்றும் பேச வரவில்லை.

ஒன்றரை மணி இருக்கும். ஒரு லோடு வேன் வந்து நின்றது. அதிலிருந்து ஒரு ஆளும், இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண்ணும், தூக்கக் கலக்கத்தில் இரண்டு பையன்களும் இறங்கினார்கள். அந்த அம்மா எழுந்து ஓடவெல்லாம் இல்லை. குண்டானைத் திறந்து, "கை கழுவிட்டு வாங்கடா" என்றார். அவ்வளவுதான். அந்த நேரத்துக்கு அத்தனை பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இடுப்புக் குழந்தையைப் பாட்டி அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறார் என்று பிறகு தெரிந்தது.

விடியற்காலையில் அலைக்குப் பக்கத்தில் மணலைக் குவித்து ஏழு படி கட்டினார்கள். அதன் மேல் பூ, வளையல், பழம், விளக்கு. சூரியன் வருகிற நேரத்துக்கு அங்கங்கே தாலி கட்டினார்கள். எங்கள் பெரியவரின் பேரப்பிள்ளைக்குக் கன்னியம்மா முன்னால் பெயர் வைத்தார்கள். என் பிள்ளைகள் இரண்டும் அந்தப் பையன்களோடு சேர்ந்து ஏழு படியில் தங்கள் பங்குக்கு எட்டாவது படி கட்டித் திட்டு வாங்கின.

நண்பர்களே, இதைச் சொல்லி அந்த வாழ்க்கை அழகு என்று சொல்ல நான் வரவில்லை. புடவைக் கூடாரம் ஒரு ராத்திரிக்கு நன்றாக இருக்கும். வருஷம் முழுக்கப் பட்டா இல்லாத இடத்தில் குடிசை போட்டு, பிள்ளையின் சாதிச் சான்றிதழுக்கு ஆபீஸ் ஆபீஸாக அலைவது நன்றாக இருக்காது. மாணவத் தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். எலி வளையில் புகை போட இருளர்கள் மண்பானையை வாயால் ஊதுவார்கள். கை சுடும், புகை நெஞ்சுக்குள் போகும். அதற்குப் பதிலாகக் கையால் சுற்றும் இரும்புக் கருவி ஒன்றைச் செய்த திட்டம் 2003இல் உலக வங்கியின் போட்டியில் பரிசு வாங்கியது. ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. நம்ம ஒர்க்‌ஷாப்பில் செய்யக்கூடியதுதான். யாராவது போய் பார்த்தார்கள், அதனால் செய்தார்கள்.

எனக்குப் புரிந்தது வேறொன்று. கார் இல்லை, லீவு இல்லை, கையில் காசில்லை. அந்த மனுஷனால் வர முடிந்தது. கார், லீவு, ரோடு எல்லாம் இருந்த என்னால் 40 கிலோமீட்டர் போக முடியவில்லை. காரணம் ஒன்றுதான். அவர்களுக்கு நாள் முன்கூட்டியே குறித்திருக்கிறது. நான் வைத்திருந்தது "அடுத்த ஞாயிறு". அடுத்த ஞாயிறு என்று காலண்டரில் ஒரு தேதி கிடையாது.

இப்போது எங்கள் வீட்டில் ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை அப்பாவிடம் போகிற நாள். போன் செய்து கேட்பதில்லை. ஒரு வருஷத்தில் இரண்டு தடவை தவறிவிட்டது, ஒளிக்காமல் சொல்கிறேன். மாசிமகம் 2025இல் மார்ச் 12, புதன்கிழமை வந்தது. லீவு போட்டுவிட்டுப் போனோம். மண்ணெண்ணெய் ஸ்டவ்வை அப்பாதான் பற்ற வைத்தார். பெரியவரைப் பார்த்ததும் அப்பா, "வாங்க" என்றார். நாற்பது வருஷத்தில் முதல் "வாங்க".

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் அழைப்பிதழில் வருஷா வருஷம் "தேதி பின்னர் அறிவிக்கப்படும்" என்று போடுகிறோம். அதை எடுத்துவிடுங்கள். ஒரு நாளைக் குறித்துவிடுங்கள், மழையோ வெயிலோ அந்த நாள்தான். யாரும் கூப்பிட வேண்டாம், வந்து சேர்ந்துவிடுவோம். தாமதமாக வருகிறவர்களுக்கு ஒரு குண்டானில் சோறு எடுத்து வையுங்கள்.

ஹாஸ்டல் தம்பி தங்கைகளே, சாப்பாட்டு மணி அடிக்கப் போகிறது. இன்றைக்கு ராத்திரி வீட்டுக்குப் போன் செய்யும்போது "சீக்கிரம் வரேன்" என்று சொல்லாதீர்கள். தேதியைச் சொல்லுங்கள். அங்கே யாரோ அரிசி ஊறப்போட வேண்டியிருக்கும்.