இரட்டை உதயப் பயணம்

ஓர் ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டால் நம்மிற் பலர் மைற்கணக்குச் சொல்வதில்லை. "ஆறு மணித்தியாலப் பயணம்" என்போம். இது பிழையான விடையன்று. 'நாழிகைவழி' என்றே ஒரு தூர அளவு தமிழில் வழங்கியது. ஒரு நாழிகையில், அதாவது 24 நிமிடத்தில், நடந்து கடக்கும் வழி அது. சங்க அகப்பாடல்களிலே தலைவனைப் பிரிந்த தலைவி சுவரிற் கோடிட்டு எண்ணுவது நாட்களையே, காதங்களையல்ல.

வான்பயணத்திற்கும் இது பொருந்தும். நமது நாட்டோடு தொடர்புடைய பாதையொன்றையே பார்ப்போம். 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் யப்பானியர் வசமாயிற்று. இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்குமிடையிலான வான்வழி அறுந்தது. அதை மீள இணைக்க, 1943 யூன் தொடங்கி 1945 யூலை வரை குவாண்டாஸ் நிறுவனம் கற்றலீனா என்னும் கடல்விமானங்களைச் செலுத்தியது. பேர்த் நகரின் ஸ்வான் ஆற்றில் நீரைவிட்டு எழும் விமானம், காலிக்கு அண்மையிலுள்ள கொக்கல வாவியில் வந்திறங்கும். இடையே தரிப்பு இல்லை.

தூரம் ஏறத்தாழ 5,650 கிலோமீற்றர். இன்றைய ஜெட் விமானத்துக்கு அது ஏழு மணித்தியால வேலை. மணிக்கு 200 கிலோமீற்றரளவில் ஊர்ந்த கற்றலீனாவுக்கோ 27 மணித்தியாலத்துக்குக் குறையாது. மிக நீண்ட பறப்பு 32 மணித்தியாலம் 9 நிமிடம். நம் கணக்கில் எண்பது நாழிகைக்கு மேல்! புறப்பட்டவர்கள் வானிலேயே இருமுறை சூரியோதயம் கண்டார்கள். பயணிகளுக்கு 'இரட்டை உதயத்தின் இரகசியச் சங்கம்' என்ற பெயரில் சான்றிதழும் வழங்கப்பட்டது.

எரிபொருளே பெரும்பாரம். ஆதலால் பயணிகள் மூவருக்கும் 69 கிலோ தபாலுக்கும் மட்டுமே இடமிருந்தது. யுத்த காலத்தில் அந்தத் தபாற்பையின் கனத்தை எந்தத் தராசு காட்டும்?

எதிரிக்குக் கேட்டுவிடுமென்று வானொலியிற் பேசவும் தடை. விண்மீன்களைப் பார்த்தே வழி கண்டார்கள். ஐந்து விமானங்களுக்கும் விண்மீன்களின் பெயர்களே இடப்பட்டன. அல்ரெயர் நமது திருவோணம், அன்ராரிஸ் கேட்டை, ஸ்பைக்கா சித்திரை, வேகா அபிஜித். ஐந்தாவதான றைகல், திருவாதிரை ஒளிரும் அதே மண்டலத்தது. பஞ்சாங்கம் பார்க்கும் எந்தக் கிராமத்துப் பெரியவருக்கும் அந்த மாலுமிகளின் வானம் அந்நியமாயிராது.

2018 மார்ச்சில் பேர்த்திலிருந்து இலண்டனுக்குத் தரிப்பில்லாத சேவை தொடங்கியது. 14,500 கிலோமீற்றரை அது ஏறத்தாழப் பதினேழு மணித்தியாலத்திற் கடக்கிறது. தூரம் இரண்டரை மடங்கு. நேரமோ ஏறக்குறையப் பாதி. அப்படியானால் பேர்த்துக்கு அண்மையில் இருப்பது இன்றைய இலண்டனா, அன்றைய கொக்கலவா?

கற்றலீனாக்கள் 271 தடவை இந்து சமுத்திரத்தைக் கடந்தன. யுத்தம் முடிந்தபின், அமெரிக்காவுடனான கடன்-குத்தகை ஒப்பந்த நிபந்தனைப்படி, அவற்றை அவுஸ்திரேலியக் கரைக்கப்பாற் கொண்டுபோய்க் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள்.