பொங்க மறுக்கும் மா

யாழ்ப்பாணத்தில் அப்பத்துக்கு மாப் புளிக்கவைக்கும் இல்லத்தரசிக்குக் கள்ளின் வயது நன்கு தெரியும். மரத்தினின்று இறக்கிய கள் அன்றே மாவிற் சேர்ந்தால் அப்பம் பஞ்சுபோல எழும். நாட்பட்டதாயின் புளிப்பே மிஞ்சும். மூக்கும் நாவும் அதனைச் சொல்லிவிடும். கடையில் வாங்கும் பேக்கிங் பவுடரோ எதனையும் சொல்லாது. வலுவிழந்த பின்னும் அது வெண்மையாகவே இருக்கும்.

குடாநாட்டிலே கேக் அடிக்கும் காலமும் மாரிகாலமும் ஒன்றாக வருகின்றன. வடகீழ்ப் பருவக்காற்று ஒக்டோபர் தொடக்கம் டிசெம்பர் வரை மழையைக் கொணர, சாடியிலுள்ள உப்பே கசிந்துவிடும். அந்த நாட்களிலேதான், போன நத்தாருக்குத் திறந்த பேணி அலுமாரியினின்று மீண்டும் இறங்குகிறது. முட்டை, சீனி, வெண்ணெய் யாவும் பணங் கொடுத்து வாங்கியவை. அவற்றின் கதி ஒரு தேக்கரண்டித் தூளிலே தங்கியிருக்கிறது.

பேர்மிங்ஹாம் நகரத்து மருந்துச்சாலைக்காரர் அல்பிரட் பேர்ட், ஈஸ்ட் ஒவ்வாத தம் மனைவிக்காக 1843ஆம் ஆண்டில் இத்தகைய தூளொன்றை ஆக்கினார். அப்பச்சோடாவும் உலர்ந்த அமில உப்பும் சேர்ந்ததே பேக்கிங் பவுடர். ஈரம் பட்டதும் இவ்விரண்டும் கலந்து காபனீரொட்சைட்டு வாயுவை விடுகின்றன. மாவை உப்பச்செய்வது அவ்வாயுவே. இடையிற் சேர்க்கும் சோளமா ஈரத்தை உறிஞ்சி, இரண்டையும் பிரித்து வைக்கிறது. ஆனால் அந்தக் காவலுக்கும் எல்லையுண்டு. மூடி திறக்குந்தோறும் புகும் ஈரக்காற்றினால், கேக்கினுள் எழவேண்டிய வாயு பேணிக்குள்ளேயே சிறிது சிறிதாகத் தீர்ந்துபோகிறது. பழைய தூளை இரட்டிப்பாக அள்ளியிடுவது பரிகாரமன்று; கேக் எழாவிட்டாலும் கைப்பு எழும்.

சோதனை மிக எளிது. அரைக் கோப்பைச் சுடுநீரில் ஒரு தேக்கரண்டித் தூளை இட, உடனே நுரைத்துப் பொங்கினால் நல்லது. சோம்பலாகச் சில குமிழிகளே வருமாயின் எறிந்துவிடலாம். சில வகைத் தூள்கள் சூட்டிலேதான் முழுமையாக வேலை செய்யுமாதலால், தண்ணீர் சூடாயிருத்தல் வேண்டும். தனி அப்பச்சோடாவில் அமிலம் இல்லாமையால் அது நெடுங்காலம் நிற்கும். அதற்குத் தேசிக்காய்ச் சாறு சில துளிகள் விட்டுப் பார்ப்பதே பொருத்தம்.

பேணியில் அச்சிட்ட திகதி மூடி திறவாத பேணிக்கே உரியது. திறந்தபின் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை என்பர். ஈரலிப்பான இடங்களிற் குறைந்த கணக்கையே கொள்ளுதல் நன்று. சிறிய பேணியாக வாங்கி, ஈரமற்ற கரண்டியால் எடுத்து, கேத்தில் ஆவி படாத தட்டில் வைக்கலாம். திறந்த நாளை மூடியில் எழுதி ஒட்டுவதும் உதவும். சுடுநீர்ச் சோதனையை மட்டும் முதல் முட்டையை உடைக்குமுன் செய்துவிட வேண்டும்.