கையும் மணிக்கட்டும்: முறிவு, மூட்டுவாதம், சத்திரசிகிச்சை

(அலுவிகாரையில் நடைபெற்ற நூற்றாண்டு ஒன்றுகூடலில், தாதியாகவும் இயன்மருத்துவராகவும் பணியாற்றிய பழைய மாணவிகள் இருவர் இணைந்து ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாவில் பாட்டும் நாடகமும் இருக்கும்போது எலும்பு முறிவைப் பற்றியா பேசுவது என்று சிலர் கேட்டார்கள். இந்த மண்டபத்தில் ஐம்பதைத் தாண்டியவர்களே அதிகம். எங்கள் வயதுப் பெண்கள் கால் வழுக்கி விழும்போது முதலில் நிலத்தில் ஊன்றுவது கையைத்தான். ஆகவே இது எங்கள் எல்லோருக்கும் உரிய பேச்சு.

இடமும் பொருத்தமானதே. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை வாய்மொழியாகவே வந்த திரிபிடகம் அலுவிகாரைக் குகைகளில்தான் ஓலையில் எழுதப்பட்டது. இன்றும் விகாரைக்குப் போனால் எழுத்தாணியால் ஓலையில் எழுதிக் காட்டுகிறார்கள். ஒரு கை ஓலையைத் தாங்க, மறு கை கீறுகிறது. பெருவிரலும் மணிக்கட்டும் ஒத்துழைக்காவிட்டால் ஒரு எழுத்தும் விழாது. தேங்காய் துருவுவதும், பிள்ளைக்குத் தலை பின்னுவதும், தோட்டத்தில் கொழுந்து பறிப்பதும் அதே கையின் வேலைதான்.

முதலில் முறிவு. உள்ளங்கையை ஊன்றி விழும்போது, முன்கையின் ஆரை எலும்பு மணிக்கட்டுக்குச் சற்று மேலே முறிகிறது. கை, கவிழ்த்து வைத்த முள்ளுக்கரண்டி போல வளைந்து தெரியும். டப்ளின் நகரின் ஏபிரகாம் கொலிஸ் 1814 இல் இதை விவரித்தார். அப்போது எக்ஸ்ரே இல்லை. 1895 இல் றொன்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தபோது, மோதிரம் அணிந்த தம் மனைவியின் கையைத்தான் படம் பிடித்தார்.

அந்த மோதிரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விழுந்தவுடன் செய்யவேண்டிய முதல் வேலை மோதிரத்தையும் காப்பையும் கழற்றுவது. வீங்கிய பின் வெட்டித்தான் எடுக்கவேண்டிவரும். கையை நெஞ்சளவுக்கு உயர்த்திச் சேலைத் துண்டால் தூளி கட்டி, அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். எண்ணெய் பூசி உருவவேண்டாம். "சுளுக்குத்தான், பத்துப் போட்டால் சரி" என்று இரண்டு மூன்று கிழமை இருந்துவிட்டு வருகிறவர்களை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம். அதற்குள் எலும்பு கோணலாகவே ஒட்டத் தொடங்கிவிடும். முதல் நாளில் இழுத்து நேராக்கக்கூடிய எலும்பை, பிறகு வெட்டித்தான் நேராக்கவேண்டும்.

எல்லா முறிவுக்கும் சத்திரசிகிச்சை தேவையா? இல்லை. விலகாத முறிவுக்கு ஐந்து, ஆறு கிழமை பிளாஸ்டர் போதும். விலகியதை மரத்துப்போக ஊசி போட்டு, இழுத்து நேராக்கிப் பிளாஸ்டர் போடுவார்கள். ஒரு கிழமையில் மீண்டும் எக்ஸ்ரே எடுக்கவேண்டும். உள்ளே எலும்பு மறுபடி நழுவலாம். "நோகவில்லை" என்று அந்தக் கிளினிக்கைத் தவறவிடாதீர்கள். முறிவு மூட்டுக்குள் போயிருந்தால், நிற்காமல் நழுவினால், தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தால் கம்பியோ, தகடும் திருகாணியுமோ வைப்பார்கள். அறுபத்தைந்தைத் தாண்டியவர்களில், தகடு வைத்த கைக்கும் பிளாஸ்டரில் ஆறிய கைக்கும் ஓராண்டின் பின் வேலைத்திறனில் பெரிய வேறுபாடு இல்லை என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே வைத்தியர் தகடு வேண்டாம் என்றால் அது புறக்கணிப்பு அல்ல. தையலோ எழுத்தோ பிழைப்பாக உள்ளவர் அதை முன்கூட்டியே சொல்லவேண்டும். முடிவு அதனால் மாறலாம்.

பிளாஸ்டருக்குள் வலி கூடிக்கொண்டே போனாலோ, விரல்கள் நீலமானாலோ, பெருவிரலும் அடுத்த இரு விரல்களும் மரத்தாலோ விடியும்வரை காத்திருக்கவேண்டாம். சில கிழமைகளின் பின் பெருவிரலை மேலே தூக்க முடியாமல் போனால், முறிந்த எலும்பில் உரசி அதன் தசைநாண் அறுந்திருக்கலாம். சுட்டுவிரலை நீட்டுவதற்கு இரண்டு தசைநாண்கள் உண்டு. அவற்றில் ஒன்றைத் திருப்பிப் பெருவிரலில் தைத்துவிடுவார்கள்.

இப்படித் தசைநாணை இடம் மாற்றும் வித்தை எங்கள் தமிழ்நாட்டு அயலில் வளர்ந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் போல் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய விரல்களை 1940களின் பிற்பகுதியில் இம்முறையால் மீண்டும் இயங்கச் செய்தார். அங்கே மேரி வர்கீஸ் என்ற பெண் வைத்தியர் 1954 இல் வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். நடக்க முடியாத ஒருவர் பிறர் கைகளை எழுப்பிக் கொடுத்தார்.

அடுத்தது மூட்டுவாதம். முடக்குவாதத்தில் காலையில் இரு கைகளும் இறுகி, மூட்டுகள் வீங்கும். இதற்கு முதற் சிகிச்சை மருந்துதான். தொடக்கத்திலேயே மருந்து எடுத்தால் பெரும்பாலும் கத்தியே தேவைப்படாது. மெதொட்ரெக்சேற் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது கிழமைக்கு ஒரு தடவை மட்டுமே. நாளுக்கு ஒன்றாக எடுத்தால் உயிராபத்து.

தேய்வு மூட்டுவாதம் பெருவிரலின் அடிமூட்டை அடிக்கடி பிடிக்கும். போத்தல் மூடி திறப்பதும் துணி பிழிவதும் கடினமாகும். பெருவிரற் பட்டியும் ஊசியும் பலன் தராவிட்டால், அங்கேயுள்ள ஒரு சிறு எலும்பை எடுத்துவிடுவார்கள். வலி தீரும், பலம் திரும்பப் பல மாதம் செல்லும். மணிக்கட்டு முற்றாகத் தேய்ந்தால் அதை ஒரேயடியாகப் பொருத்தி இறுக்குவார்கள். மடக்க முடியாது, ஆனால் வலியின்றிப் பிடிக்கலாம், உள்ளங்கையைத் திருப்பலாம். முழங்கைக்குச் செயற்கை மூட்டும் உண்டு. அதன் பின் ஒரு வாளி தண்ணீரை அந்தக் கையால் தூக்கக்கூடாது. ஒவ்வொரு சத்திரசிகிச்சையும் ஒன்றைத் தந்து ஒன்றை எடுக்கிறது. "எனக்கு என்ன கிடைக்கும்? எதை இழப்பேன்? செய்யாவிட்டால் என்ன ஆகும்?" என்று மூன்றையும் கேளுங்கள்.

சத்திரசிகிச்சை பாதி வேலைதான். மீதி உங்களிடம். பிளாஸ்டர் போட்ட அன்றிலிருந்தே விரல்களை முழுதாக மடக்கி நீட்டுங்கள், தோளைச் சுழற்றுங்கள். கையை நெஞ்சோடு அணைத்தே வைத்திருந்தவரின் தோள் இறுகிவிடும். அதைத் தளர்த்துவது முறிவைவிடப் பெரும்பாடு.

நின்ற நிலையில் விழுந்து மணிக்கட்டு முறிந்தால், எலும்பு நலிந்துவிட்டது என்பதற்கு அது முதல் எச்சரிக்கையாக இருக்கலாம். அடுத்தது இடுப்பெலும்பாக இருக்கக்கூடும். எலும்பின் அடர்த்தியைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். குரக்கன், முருங்கையிலை, முள்ளோடு நெத்தலி, கொஞ்சம் வெயில், நடை ஆகியன எங்கள் ஊரிலேயே உள்ளவை.

ரொறொன்ரோவிலும் லண்டனிலும் மெல்பனிலும் இருந்து இம்மலரை வாசிக்கும் சகோதரிகளே, பனியில் கவனமாக நடவுங்கள். ஊரில் உள்ள அம்மாவோடு தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசும்போது, "சாப்பிட்டீங்களா" என்பதோடு, "இரண்டு கையையும் பொத்தித் திறந்து காட்டுங்கோ" என்றும் கேளுங்கள். பிள்ளைகளுக்குச் சுமையாகக்கூடாது என்று வலியை மறைப்பது எங்கள் தாய்மாரின் வழக்கம். வாய் மறைப்பதைக் கை காட்டிவிடும்.