பேச்சறியாக் குழந்தையின் மொழி
(விழா அரங்கில் ஆற்றிய உரை)



குழந்தை வளர்ப்பைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு அறக்கட்டளையார் பணித்தனர். செவிலியாகப் பணியாற்றி ஓய்வு பெற்ற எனக்கு, உடனே நினைவில் எழுந்தவர் அமெரிக்கச் செவிலியர் கேத்ரின் பார்னார்ட் அம்மையார். 1938இல் ஒமாகா நகரில் பிறந்த அவர், சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராய் விளங்கி, 2015இல் மறைந்தார்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தையை அசைக்காது விடுவதே நலம் என்று பலரும் எண்ணிய காலத்தில், கருவறையில் அக்குழந்தை எதனை உணர்ந்திருந்தது என்று அவர் வினவினார். தாயின் அசைவையும் இதய ஒலியையும் அது இழந்திருந்தது. ஆகவே, மெல்ல ஆடும் படுக்கையையும் இதயத் துடிப்பின் ஒலியையும் அமைத்துக் கொடுத்தார். குழந்தைகள் அமைதியாக உறங்கின.

அடுத்து, பாலூட்டும் பொழுதில் தாயும் சேயும் ஒருவருக்கொருவர் தரும் குறிப்புகளை அளந்தறியும் முறையை வகுத்தார். அதில் தாய்க்குரிய கூறுகள் நான்கு, குழந்தைக்குரியவை இரண்டு. தன் தேவையைத் தெளிவாகக் காட்டுவதும், தாயின் செயலுக்கு எதிர்வினை தருவதும் குழந்தையின் பங்கு. 1970களிலேயே செயற்கைக்கோள் வழியாகத் தொலைவிலுள்ள செவிலியர்க்கும் தம் ஆய்வைக் கற்பித்தார்.

இதனை நான் அறியுமுன் செய்த பிழை ஒன்றுண்டு. பணியில் சேர்ந்த புதிதில், குறைமாதக் குழந்தையின் இளந்தாய் ஒருத்தி பாலூட்ட முயன்றாள். குழந்தை மீண்டும் மீண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. "பிள்ளையைப் பிடிக்கக்கூடத் தெரியவில்லையே!" என்று பலர் முன்னிலையில் கடிந்துகொண்டேன். அவள் தலைகுனிந்தாள். அதன்பின், நான் அருகிலிருந்தால் குழந்தையைத் தொடவே அஞ்சினாள்.

பல ஆண்டுகள் கழித்தே பார்னார்டின் ஆய்வைப் பயின்றேன். முகம் திருப்புவதும் விரல்களை விரிப்பதும் "சற்றுப் பொறு" என்று குழந்தை சொல்லும் சொற்கள். குறைமாதக் குழந்தையின் குறிப்புகளோ மிக மெலிந்தவை. எவரும் எளிதில் அறிய இயலாதவை. அன்று தாயிடம் குறையில்லை. கற்பிக்க வேண்டிய நானே கல்லாதிருந்தேன். அவளைத் தேடி மன்னிப்புக் கேட்க வழியில்லை.

இல்லங்களில் உள்ள மாமியார்களுக்கும் தந்தையர்க்கும் என் வேண்டுகோள் இதுவே: குழந்தை அழுதால் தாயைக் கடியாதீர்கள். அருகமர்ந்து, அவளோடு சேர்ந்து குழந்தையின் முகத்தைப் பாருங்கள். தாயின் மனம் அமைதியுற்றால்தான் சேயின் மொழி அவளுக்கு விளங்கும்.