வீட்டுக்கு ஓர் அச்சுப்பொறி வாங்கலாமா?



2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நாடெங்கும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்ததை நாம் யாரும் மறந்திருக்க முடியாது. பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. ஆசிரியர்கள் பயிற்சித் தாள்களைக் கைப்பேசி வழியே அனுப்பினார்கள். ரந்தாவிலும் லாபுவிலும் பகாவிலும் தோட்டத்து வீடுகளில் ஒரே கைப்பேசியைச் சுற்றி மூன்று பிள்ளைகள் உட்கார்ந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கணக்குப் போட்டார்கள். "இதைத் தாளில் எடுத்துக் கொடுக்க ஒரு பிரிண்டர் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!" என்ற எண்ணம் பல தாய்மார்களுக்கு அப்போதுதான் வந்தது.

பள்ளிகள் திறந்த பிறகும் அந்த எண்ணம் போகவில்லை. ஆகவே இன்று அதைப் பற்றியே பேசுவோம். வாங்கலாமா, வேண்டாமா? வாங்கினால் எதை வாங்குவது?

முதலில் பொறியைத் தெரிந்துகொள்வோம். வீடுகளுக்கென்று விற்கப்படும் பொறிகளில் பெரும்பாலானவை மையைத் தாளில் பீச்சி எழுதுபவை. 1977ஆம் ஆண்டு ஜப்பானில் கேனன் நிறுவனத்து ஆய்வாளர் ஒருவரின் கையிலிருந்த சூடான பற்றுக்கோல், மை நிரப்பிய ஊசியில் தற்செயலாகப் பட்டது. உடனே ஊசி முனையிலிருந்து மை தெறித்தது. அந்தச் சிறு நிகழ்ச்சியிலிருந்து ஒருவகைப் பொறி பிறந்தது. பொறியின் தலைப்பகுதியில் தலைமயிரைவிட நுண்ணிய துளைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவற்றின் வழியே மைத்துளிகள் பாய்ந்து எழுத்தாகின்றன.

மூன்று வேலையும் செய்யும் பொறியில் மேல்மூடியைத் திறந்தால் ஒரு கண்ணாடி இருக்கும். அதில் பத்திரத்தை வைத்துப் போட்டோஸ்டாட் எடுக்கலாம். அதற்குக் கணினியும் வேண்டாம், இணையமும் வேண்டாம். பத்திரத்தைப் படமாக்கிக் கைப்பேசியிலோ கணினியிலோ சேர்த்து வைக்கலாம். அங்கிருந்து வரும் தாள்களை அச்சிடவும் செய்யலாம்.

இனி விலைக்கு வருவோம். "சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம்" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். இந்தப் பொறிக்கு அது முற்றிலும் பொருந்தும். பொறி மலிவு, மைதான் செலவு.

ஒரு கணக்குப் போடுவோம். காட்ரிஜ் என்னும் சிறு மைப்பெட்டி போடும் பொறி 250 வெள்ளி, மைத்தொட்டி உள்ள பொறி 600 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மைப்பெட்டி 40 வெள்ளிக்கு வாங்கி 160 பக்கம் அடித்தால், பக்கத்துக்கு 25 காசு. தொட்டியில் ஊற்றும் ஒரு போத்தல் மை 30 வெள்ளிக்கு வாங்கி 4,000 பக்கம் அடித்தால், பக்கத்துக்கு ஒரு காசுகூட ஆகாது. விலை கடைக்குக் கடை மாறும். ஆனால், மை விலையைப் பக்கத்தால் வகுத்துப் பார்க்கும் வழி மாறாது.

மாதம் 60 பக்கம் அடிக்கும் வீட்டில், அதிகம் கொடுத்த 350 வெள்ளி சுமார் இரண்டு ஆண்டில் திரும்பிவிடும். மாதம் 10 பக்கம் மட்டும் என்றால் பன்னிரண்டு ஆண்டு ஆகும்! அந்த வீட்டுக்கு எந்தப் பொறியும் வேண்டாம். பட்டணத்துக் கடையே போதும். பஸ் கட்டணத்தையும், போய்வரும் அரை நாளையும் மட்டும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

மைத்தொட்டிப் பொறி வந்த கதையும் நமக்குப் பாடம். இந்தோனேசியாவில் மக்கள் மைச்செலவு தாங்காமல், வெளியே போத்தலைக் கட்டி, குழாய் வைத்து மை ஊற்றிப் பயன்படுத்தினார்கள். அதைக் கண்ட எப்சன் நிறுவனம், தொட்டியுடனேயே ஒரு பொறியைச் செய்து 2010ஆம் ஆண்டில் அங்கே விற்பனைக்குக் கொண்டுவந்தது. சிக்கனக்காரர்கள் கண்ட வழியைக் கம்பெனி பின்பற்றியது!

அடுத்து, பராமரிப்பு. எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறோம். பள்ளி விடுமுறையில் இரண்டு மாதம் பொறியைத் தொடவே இல்லை. பிறகு அடித்துப் பார்த்தால் எழுத்து கோடு கோடாக விழுந்தது. சுத்தம் செய்யும் பொத்தானை நான்கு முறை அழுத்தினோம். ஒவ்வொரு முறையும் மைதான் செலவானது. கடைசியில் பழுதுபார்த்த கூலியும் மைச்செலவும் சேர்ந்து பொறி விலையில் பாதியை விழுங்கிவிட்டன.

காரணம் என்ன? பால் வெட்டிய கோட்டில் மிஞ்சிய பால் காய்ந்து ஒட்டுப்பாலாகிறதல்லவா? அதுபோலத் துளையில் நின்ற மையும் காய்ந்து அடைத்துக்கொள்கிறது. ஆகவே, வாரம் ஒருமுறை வண்ணமும் கறுப்பும் கலந்த ஒரு பக்கமாவது அடியுங்கள். நிறுத்தும்போது சுவர்ச் சுவிட்சை முதலில் அணைக்காதீர்கள். பொறியிலுள்ள பொத்தானை அழுத்தினால்தான் மைத்தலை தன் இடத்துக்குப் போய் மூடிக்கொள்ளும். அதன் பிறகு சுவிட்சை அணையுங்கள். இடி மின்னல் வந்தால் செருகியையே பிடுங்கிவிடுங்கள். தாளை உறையோடு கட்டி வையுங்கள். நம் நாட்டு ஈரக்காற்றில் தாள் நமுத்தால் சுருண்டு பொறியில் சிக்கும்.

சில மைகள் நீர் பட்டால் கரைந்துவிடும். முறுக்கு, பலகாரம் செய்து விற்கும் சகோதரிகள், ஒட்டுச்சீட்டு அடிக்குமுன் ஒன்றை அடித்து, ஈரவிரலால் தேய்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது முக்கியமான செய்தி. தோட்டங்கள் விற்கப்பட்டு, நீலாய், செண்டாயான் பக்கமெல்லாம் வீடமைப்புப் பகுதிகளானபோது, மூட்டை முடிச்சோடு நாம் இடம் மாறினோம். அந்த அவசரத்தில் பிறப்புப் பத்திரத்தைத் தொலைத்த குடும்பங்கள் உண்டு. பிள்ளைக்கு 12 வயதானால் அடையாளக் கார்டு எடுக்க வேண்டும். அப்போது பத்திரம் இல்லையென்றால் எத்தனை அலைச்சல்! நகல் ஒருநாளும் மூலப்பத்திரம் ஆகாது. ஆனால், அதிலுள்ள பதிவு எண் கையில் இருந்தால் மறுபடி விண்ணப்பிப்பது எளிது. ஆகவே, பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், சேமநிதி, சொக்சோ தாள்கள் எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் எடுங்கள். ஒன்று வீட்டில், மற்றொன்று நம்பகமான உறவினர் வீட்டில் இருக்கட்டும். எடுத்து முடித்ததும் மூடியைத் திறந்து பாருங்கள். மூலப்பத்திரத்தைக் கண்ணாடியிலேயே மறந்துவிடுவது எளிது. அடையாளக் கார்டின் நகலை யாருக்காவது கொடுத்தால், குறுக்கே இரண்டு கோடு கிழித்து, எதற்காகக் கொடுக்கிறோம் என்று எழுதிக் கொடுங்கள்.

தனியாக வாங்க வசதியில்லையா? 1960ஆம் ஆண்டில் துன் சம்பந்தன் தலைமையில் தோட்டத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பணம் போட்டு, தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டங்களையே வாங்கினார்கள். ஒரே லயத்து நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு பொறி வாங்க முடியாதா? பக்கத்துக்கு 10 காசு உண்டியலில் போட்டு, ஒரு நோட்டில் எழுதி வந்தால், மையும் தாளும் தானாக வந்துசேரும். நான்கு வீட்டு வேலை நடப்பதால் மையும் காயாது.

கடைக்குப் போகுமுன் மூன்று கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். மை என்ன விலை, அது எத்தனை பக்கம் அடிக்கும்? அந்த மை நம் பக்கத்துக் கடையில் கிடைக்குமா? பழுதானால் எங்கே கொண்டுபோவது? விடை சரியாக இருந்தால், தவணைக் கடன் இல்லாமல், ரொக்கம் கொடுத்து வாங்குங்கள். சரியாக இல்லையென்றால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்புங்கள், அதுவும் இலாபமே.