நெஞ்சகம் காக்கும் மும்மணிகள்



தமிழ்ச் சமணச் சான்றோர் யாத்த அறநூல்களுள் இரண்டு மருந்தின் பெயரைத் தாங்கியவை. காரியாசானின் சிறுபஞ்சமூலம் ஐந்து வேர்களால் ஆன மருந்தைச் சுட்டும். கணிமேதாவியாரின் ஏலாதி ஏலம் முதலிய ஆறு சரக்குகள் கூடிய மருந்தைச் சுட்டும். நால்வகைத் தானங்களுள் ஒன்றாக ஔடத தானத்தை வைத்ததும் இந்நெறியே. பிறர் பிணி தீர்க்கப் பொருள் ஈயும் குடும்பங்களில், ஆடவர் பலர் தம் நெஞ்சகத்தின் நிலையை ஒருமுறையேனும் அறிய முற்படாதிருப்பது வருந்தத்தக்கது. நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகள் இதற்கும் வழிகாட்டும்.

முதலாவது நற்காட்சி. "புலால் உண்பதில்லை, மது தொடுவதில்லை, ஆகவே மாரடைப்பு வாராது" என்பது பலரின் மயக்கம். கொல்லாமை பெரும்பேறே. ஆயினும் டெல்டாவின் இலையில் குவியும் வெண்சோறும், நெய்யூறும் இனிப்பும், மீண்டும் மீண்டும் காய்ச்சிய எண்ணெயில் பொரித்த வடையும், ஊறுகாயிலும் அப்பளத்திலும் மறைந்திருக்கும் உப்பும் சைவ உணவுதாமே! கதிரவன் மறையுமுன் உண்பது நல்ல நோன்பு. உண்ணும் அளவும் அந்நோன்புக்குள் அடங்குதல் வேண்டும். மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதம் பெட்டகத்திற்கு மட்டுமன்று, இலைக்கும் உரியது.

கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றும் மருத்துவர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நிகழ்ந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வு 2004இல் வெளிவந்தது. முதல் மாரடைப்புக்குரிய அபாயத்தில் பத்தில் ஒன்பது பங்கை ஒன்பது காரணிகளே விளக்குகின்றன என்று அது காட்டிற்று. புகையிலை, கொழுப்புக் கோளாறு, இரத்த அழுத்தம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மன அழுத்தம், காய்கனிக் குறைவு, உடலுழைப்பின்மை ஆகியன அவற்றுள் அடங்கும். தெற்காசியர்க்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதிலும், பிற நாட்டினர்க்கு ஏறத்தாழ 59 வயதிலும் வந்ததாக அவ்வாய்வின் தரவுகள் உணர்த்தின. மகனின் படிப்பும் மகளின் திருமணமும் முடியாத வயது அது.

இரண்டாவது நன்ஞானம். இரத்த அழுத்தம் பெரும்பாலும் வலி தாராது, அளந்தாலன்றித் தெரியாது. 140/90 என்னும் எல்லையை அது தொடர்ந்து தொட்டால் மருத்துவரை நாடவேண்டும். வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை அளவு 100க்கு மேல் என்றால் எச்சரிக்கை. 126ஐ எட்டினால் நீரிழிவுக்கான அறிகுறி. ஆடவர்க்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ.க்குள் இருத்தல் நலம். தந்தைக்கோ உடன்பிறந்தார்க்கோ இளவயதில் மாரடைப்பு வந்திருப்பின் அதனை மருத்துவரிடம் மறைக்கலாகாது. காரைக்காலில் அரசு பொது மருத்துவமனை உண்டு. ஜிப்மரின் கிளை மருத்துவக் கல்லூரியும் 2016 முதல் இயங்குகிறது. தொலைவு என்று சொல்ல இடமில்லை.

மூன்றாவது நல்லொழுக்கம். நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். வாரத்திற்கு 150 நிமிட விரைவு நடை. கடை மேசையிலேயே பகலைக் கழிக்கும் வணிகர்க்குக் காரைக்கால் கடற்கரைச் சாலை அழைப்பு விடுத்தபடியே இருக்கிறது. வெற்றிலையோடு சேரும் புகையிலையும் புகையிலையே. நீரிழிவுக்கோ அழுத்தத்திற்கோ மாத்திரை உண்போர், உபவாச நாளில் தாமாகவே அதனை நிறுத்துதல் தகாது. நோன்புக்கு முன்னரே மருத்துவரைக் கலந்து கொள்ளுதல் முறை.

நெஞ்சில் அழுத்தம், இடக்கையிலோ தாடையிலோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றினால், "வாயுத் தொல்லை" என்று ஓமநீர் பருகிப் பொழுது விடியக் காத்திருத்தல் பேதைமை. 108ஐ அழைத்து உடனே மருத்துவமனை சேர்தல் வேண்டும். கடக்கும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசையின் ஒரு பகுதி அழிகிறது.

தாய்மார்களே! இல்லத்து ஆடவர் "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லும் சொல்லோடு அமைந்துவிடாதீர்கள். இத்திங்கள் முடிவதற்குள் நாற்பது கடந்த ஒவ்வொருவரையும் அழுத்தமும் சர்க்கரையும் அளந்துவரச் செய்யுங்கள். ஓருயிரையும் வருத்தாத நெறி, தன்னுயிரை வருத்துவதற்கும் இசையாது. அனைவரும் நலமுடன் நீடு வாழ்க!